மூத்தோரைப் பேணுவோம்: வீட்டின் பங்கும் கோயிலின் பங்கும்



இவ்விதழின் பாடமாக நாம் எடுத்துக்கொண்டிருப்பது முதியோர் பராமரிப்பு. "பெற்றோரைக் காப்பாற்றுவது பிள்ளையின் கடமை. இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். கடமை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடமையை எப்படிச் செய்வது, யார் யார் பங்கிட்டுக்கொள்வது, செய்கிறவர் களைத்துப்போனால் அவரை யார் தாங்குவது என்பவைதான் நம்மில் பல குடும்பங்களுக்குத் தெளிவாக இல்லை. ஆகவே இப்பாடத்தை வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பர்மிய மொழியில் எடுத்துச் சொல்லுங்கள்.

1. காலம் மாறியிருக்கிறது

மியன்மாரில் 2014-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டு மக்கள் ஏறக்குறைய 5 கோடியே 14 இலட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 9 பேர் அளவில் அறுபது வயதைக் கடந்தவர்கள். மக்கள் முன்பைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். அதே சமயம் குடும்பங்கள் சிறுத்துவிட்டன. முன்பு ஒரு தாய்க்கு ஆறு பிள்ளைகள் இருந்தால், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொண்டார். இன்று இரண்டு பிள்ளைகள். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ தாய்லாந்திலோ துபாயிலோ வேலை செய்கிறார். மற்றவர் இங்கே காலை முதல் இரவு வரை கடையிலோ கம்பெனியிலோ நிற்கிறார். வீட்டில் இருப்பவர் பாட்டி மட்டுமே.

நம் தாமுவேயில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய வீடுகள் இருந்த இடங்களில் மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. இருக்கும் கட்டடங்களிலும் மின்வெட்டு நேரத்தில் அது ஓடாது. நாற்பது வயதில் ஐந்தாம் மாடியில் வாடகை குறைவு என்று குடிபோனவர், எழுபத்தைந்து வயதில் அந்த ஐந்து மாடிக்கும் கைதியாகிவிடுகிறார். யாங்கூன் தெருக்களில் மாடி முகப்புகளிலிருந்து கயிறு தொங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். கடிதமும் காய்கறியும் அந்தக் கயிற்றில் ஏறிவிடுகின்றன. ஆனால் மேலே இருக்கும் பெரியவர் அந்தக் கயிற்றில் இறங்க முடியாது. கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் சந்நிதி வாசலை மிதிக்காத மூத்தோர் உண்டு. அவர்களை "வயதாகிவிட்டது, வர முடியவில்லை" என்று சொல்லி நாம் கடந்துபோய்விடுகிறோம். வயது மட்டும் காரணமல்ல. கையைப் பிடித்து அழைத்து வர ஆள் இல்லாததும் காரணமாகும்.

2. நம் மூத்தோர் கடந்து வந்த பாதை

ஒருவரைச் சரியாகப் பேண வேண்டுமானால் அவர் எதைக் கடந்து வந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாக வெளியேறினார்கள். வழியில் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் ஏராளம். இன்று எண்பதைக் கடந்தவர்களின் பெற்றோர் அந்தக் காலத்தைக் கண்டவர்கள்.

1964-ல் யாங்கூனின் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே 17-ஆம் நாள் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கப்பல் கப்பலாக நம்மவர்கள் சென்னைக்குச் சென்றார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்களில் பலர் தொழில் தேடிய இடம். இன்று எண்பது வயதானவர் அப்போது இருபதை ஒட்டிய இளைஞர். அண்ணன் கப்பல் ஏறினார், தம்பி இங்கே நின்றார். அந்தத் தம்பிதான் இன்று நம் வீட்டுத் தாத்தா. பின்னர் 1985-லும் 1987-லும் மீண்டும் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987-ல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? பாட்டி தம் பணத்தைக் கொடுத்துப் பொட்டுத் தங்கம் வாங்கித் துணியில் முடிந்து வைக்கிறார். வங்கியில் போடலாம் என்றால் மறுக்கிறார். அரிசியை அளவுக்கு மேல் சேர்த்து வைக்கிறார். பழைய இரசீதுகளையும் அட்டைகளையும் எறிய விடமாட்டார். பேரப்பிள்ளைகள் "பாட்டிக்குப் பைத்தியம்" என்று சிரிக்கிறார்கள். அது பைத்தியம் அன்று. மூன்று முறை சுட்டுக்கொண்ட கை நெருப்பைக் கண்டு விலகுகிறது. இந்த வரலாற்றை அறிந்த பிள்ளை அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லமாட்டான். அதைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பான்.

3. நாட்டு வழக்கமும் நம் வழக்கமும்

மூத்தோரைப் போற்றுவதில் நாம் வாழும் இந்நாட்டிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தடின்ஜூட் மாதத்தில் பர்மியர்கள் பெற்றோரையும் ஆசிரியரையும் மூத்தோரையும் தேடிச் சென்று, பழமும் துணியும் வைத்து வணங்கி ஆசி பெறுகிறார்கள். ஊர்களிலும் பேட்டைகளிலும் வயதானவர்களை ஒரே இடத்தில் அமர்த்தி மரியாதை செய்யும் பூஜைகள் நடக்கின்றன. தின்ஜான் நாட்களில் இளைஞர்கள் முதியவர்களுக்குத் தலை அலசிவிட்டு நகம் வெட்டிவிடுகிறார்கள். தலைக்குத் தேய்ப்பது தயோ-கின்பூன். அதில் உள்ள கின்பூன் வேறொன்றும் அல்ல, நம் வீட்டுச் சீயக்காய்தான். அந்த நாட்களிலேயே நமக்கும் சித்திரைப் பிறப்பு வருகிறது. ஒரே காய், ஒரே காலம், ஒரே கடமை.

நம் வழக்கத்திலும் அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எண்பதைக் கடந்தால் சதாபிஷேகம் என்று சடங்குகள் உண்டு. அவை நல்லவையே. ஆனால் ஒரு நாள் மாலை போட்டுக் கலசநீர் ஊற்றிவிட்டு, மறுநாள் முதல் மூலை அறையில் விட்டுவிட்டால் அந்தச் சடங்குக்குப் பொருள் இல்லை. தின்ஜானில் நகம் வெட்டிவிடும் பர்மிய இளைஞன் முதியவரின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறான். அப்படித் தொட்டுச் செய்யும் பணிவிடையைத்தான் நாம் ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்க வேண்டும்.

4. வீட்டில் கவனிக்க வேண்டியவை

(அ) விழாமல் காத்தல். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதோடு நடமாட்டமே நின்றுபோகலாம். விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. இரவில் கழிவறைக்கு எழும்போதும், குளியலறையின் ஈரத் தரையிலும், மின்சாரம் போன இருட்டிலும் நடக்கிறது. கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, தலைமாட்டில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மின்கல விளக்கு, தரையில் சுருண்டு கிடக்கும் பாயை அகற்றுதல், வழுக்கும் பழைய செருப்பை மாற்றுதல் ஆகிய நான்கும் அதிகச் செலவில்லாதவை. படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழும்படி பழக்குங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

(ஆ) உணவும் நீரும். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பது குறைந்துவிடும். உடலுக்கு நீர் வேண்டியிருந்தாலும் நாக்கு கேட்காது. சிலர் அடிக்கடிக் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று அஞ்சி வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். 2024 ஏப்ரலில் இந்நாட்டின் சௌக் நகரில் 48.2 பாகை வெப்பம் பதிவானதை நினைவில் கொள்ளுங்கள். கோடையில் கேட்டால்தான் கொடுப்பது என்று இராமல், மணிக்கு ஒருமுறை அரைக் குவளையாவது கையில் கொடுக்க வேண்டும். ஙப்பி, ஊறுகாய், கருவாடு, கடைச் சூப்பு ஆகியவற்றில் உப்பு அதிகம். அவற்றை ஒரேயடியாக நிறுத்தினால் பெரியவர் சோற்றையே வெறுப்பார், ஆகவே அளவைக் குறையுங்கள். பல் இல்லாதவர்க்குக் கஞ்சி மட்டும் கொடுத்து வந்தால் உடல் கரைந்துபோகும். குழைந்த பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன் ஏதாவது ஒன்று தினமும் சேரட்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர் தனியே உண்ணாமல் யாராவது ஒருவர் உடன் அமர்ந்து உண்பது.

(இ) மருந்து. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடுவது நம்மில் சாதாரணம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் பல நிற மாத்திரைகளைப் பெயரில்லாமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள். அன்றைக்கு வலி நிற்கும், நாளடைவில் வயிறும் சிறுநீரகமும் கெடும். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

(ஈ) மறதியும் குழப்பமும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் மறதி வேறு, நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றுவது வேறு. திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர் வற்றுதல், மருந்துக் கோளாறு போன்ற காரணங்கள் இருக்கும். அவற்றில் பல குணப்படுத்தக் கூடியவை. ஆகவே "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தொங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது.

மெல்ல வளரும் மறதி நோயில் நம் சமூகத்தினர் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் கற்ற மொழி முன்னதாகவே நழுவி, தாய்மொழி கடைசிவரை நிற்பதை இந்நோய் கண்டவர்களிடம் பல நாடுகளிலும் கவனித்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு கடைத்தெருவில் சரளமாகப் பர்மியம் பேசிய தாத்தா, ஒரு நாள் தமிழில் மட்டும் பேசத் தொடங்கலாம். பேரனுக்கோ பர்மியம் மட்டுமே தெரியும். ஒரே கூரையின் கீழ் இருவரும் அந்நியராகிவிடுவார்கள். மருத்துவமனையில் தாதி கேட்கும் கேள்விக்குப் பதில் வராதபோது, நோயாளி பிடிவாதக்காரர் என்று எழுதப்பட்டுவிடும். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது பண்பாட்டைக் காப்பதற்கு என்று மட்டும் நாம் சொல்லி வருகிறோம். "தண்ணீர் வேண்டுமா?", "எங்கே வலிக்கிறது?", "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்ற மூன்று வாக்கியங்களைத் தமிழில் சொல்லத் தெரிந்த பேரப்பிள்ளை, படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குப் பெரிய மருந்தாகும்.

(உ) பணமும் பத்திரமும். குடியுரிமை அட்டை, குடும்பப் பட்டியல், வீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பது பெரியவரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு பழைய காகிதம் பேரப்பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கே ஆதாரமாகும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அதே வேளையில், பத்திரத்தைப் பாதுகாப்பது வேறு, பெரியவர் உயிரோடிருக்கும்போதே அவசரப்பட்டுப் பெயர் மாற்றிக்கொள்வது வேறு. தம் வீட்டில் தாமே விருந்தாளியாகிவிட்ட பெற்றோரின் கண்ணீர் எந்தக் குடும்பத்துக்கும் நன்மை தராது. மாற்றத்தான் வேண்டுமென்றால், எல்லாப் பிள்ளைகளும் கூடியிருக்க, பெரியவர் தம் வாயால் சம்மதம் சொல்ல, அவர் கடைசிவரை அங்கே வாழும் உரிமையையும் எழுதி வைத்துச் செய்ய வேண்டும்.

5. பராமரிப்பவரைப் பராமரித்தல்

இந்தப் பாடத்தின் மையமான பகுதி இதுவே என்று கருதுகிறோம். ஒரு வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால், அவரைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? பெரும்பாலும் ஒரு மருமகள், அல்லது மணமாகாத ஒரு மகள், அல்லது தாமே எழுபதைத் தொட்ட மனைவி. படுக்கையில் கிடப்பவர்க்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், ஊட்ட வேண்டும், இரவில் எழ வேண்டும். இதை ஒருவரே ஆண்டுக்கணக்கில் செய்தால் அவர் உடலும் மனமும் உடைந்துபோகும். உடைந்த மனத்திலிருந்துதான் கடுஞ்சொல் பிறக்கிறது. அந்தக் கடுஞ்சொல்லைக் கேட்டு ஊர் அவரைப் பழிக்கிறது. அவர் எத்தனை இரவு தூங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் பணம் பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மாதம் ஒருமுறை தொலைபேசியில் வந்து, "அம்மா ஏன் மெலிந்துவிட்டார்? ஏன் வேறு டாக்டரிடம் காட்டவில்லை?" என்று அதட்டுவது பராமரிப்பு ஆகாது. முதலில் உங்கள் தங்கையிடம், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

குடும்பங்கள் கீழ்க்கண்ட முறையைக் கைக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளும், வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசி வழியாகவும், ஒரு நாள் கூடிப் பேசுங்கள். மாதச் செலவு எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள். உடன் இருந்து செய்கிறவரின் உழைப்பையும் ஒரு பங்காகக் கணக்கிடுங்கள். அவரிடம் பணப் பங்கு கேட்காதீர்கள். வாரத்தில் அரை நாளாவது அவர் வெளியே போகும்படி மாற்று ஆளை ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கூட்டத்தில் பெரியவரையும் உட்கார வைத்து அவர் விருப்பத்தைக் கேளுங்கள். அவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் முடிவு செய்வது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அவமதிப்பேயாகும். பணிவிடை பெண்களின் வேலை என்ற எண்ணத்தையும் விட வேண்டும். தந்தையைக் குளிப்பாட்ட மகனைவிடப் பொருத்தமானவர் யார்?

6. முதியோர் இல்லத்தில் சேர்ப்பது தவறா?

இக்கேள்வி நம்மவரிடையே அடிக்கடி எழுகிறது. இந்நாட்டின் முதியோர் இல்லங்களின் வரலாறு இதற்கு ஒளி தருகிறது. டோ ஊ ஸூன் என்னும் பர்மியப் பெண்மணி பட்டுத் துணி வாணிகத்தில் பொருள் ஈட்டியவர். அவர் 1915-ல் மண்டலையை அடுத்த மின்குனில் ஆதரவற்ற முதியோர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். யாங்கூனில் புகழ்பெற்ற ஹ்னின்ஸிகோன் இல்லம் 1933 முதல் நடந்து வருகிறது. பர்மியக் குடும்பங்கள் பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் அங்கே சென்று ஒரு வேளை உணவு வழங்குவதைப் பெரும் புண்ணியமாகக் கருதுகின்றன. கிறிஸ்தவ அருட்சகோதரிகளும் இந்நகரில் ஏழை முதியோர்க்கு நெடுங்காலமாக இல்லம் நடத்தி வருகிறார்கள்.

இவ்வில்லங்கள் பொதுவாகப் பிள்ளைகள் இல்லாதவர்க்கும், பார்ப்பார் யாரும் அற்றவர்க்கும் ஏற்பட்டவை. அத்தகையவர் அங்கே சென்று வாழ்வதில் எந்த இழிவும் இல்லை. அவரைத் தெருவில் விடுவதுதான் இழிவு. பிள்ளைகள் இருந்தும் பராமரிக்க இயலாத நிலையும் சில வீடுகளில் வரும் என்பதை நாம் மறுக்கவில்லை. அப்போது பார்க்க வேண்டியவை மூன்று. பெரியவர் மனமொப்பினாரா? நாம் வாரம்தோறும் போய்ப் பார்ப்போமா? வீட்டிலேயே வைத்துக்கொள்ள அண்டை அயலின் உதவியைக் கேட்டுப் பார்த்தோமா? மூன்றாவது கேள்விக்கு "கேட்கவில்லை" என்பதே பல வீடுகளின் பதிலாக இருக்கும். கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவது கோயில் சமூகத்தின் வேலை.

7. சட்டம் எதுவரை உதவும்?

பெற்றோரைப் பேணுவதைச் சில நாடுகள் சட்டமாகவே ஆக்கியுள்ளன. சிங்கப்பூரில் 1995-லும் இந்தியாவில் 2007-லும் இதற்கெனச் சட்டங்கள் வந்தன. ஆதரவற்ற பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து மாதப் பணம் பெறலாம். இலங்கையில் 2000-ஆம் ஆண்டில் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மியன்மாரிலும் 2016-ல் முதியோர் சட்டம் வந்தது. 2017-ல் 90 வயதைக் கடந்தவர்க்கு மாதம் 10,000 கியாட் உதவித்தொகை தொடங்கப்பட்டு, 2018-ல் அந்த வயது 85 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த வயதுடையோர் வீட்டில் இருந்தால் வட்டார அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பணம் வாங்கித் தரும். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்க ஆளை வாங்கித் தராது. அது குடும்பமும் சமூகமும் தர வேண்டியது.

8. கோயில் சமூகம் செய்யக்கூடியவை

சமூகமாகச் சேர்ந்தால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு யாங்கூனிலேயே சான்றுகள் உண்டு. 1921-ல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் மருத்துவமனை, அரசுடைமை ஆகும் வரை சாதி மத பேதமின்றி ஏழைகளுக்கு மருத்துவம் செய்தது. முஸ்லிம் இலவச மருத்துவமனை 1937-ல் தோன்றியது. இந்த நகரத்து மக்கள் தந்த நன்கொடைகளே இவற்றைத் தாங்கின.

நாம் கட்டடத்தில் தொடங்க வேண்டியதில்லை. 2008-ல் நர்கிஸ் புயல் அடித்த பிறகு, மியன்மார்க் கிராமங்களில் முதியோர் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. கொரிய நாட்டின் ஆதரவுடன் ஆசியான் நாடுகளில் வீட்டுப் பராமரிப்புத் தொண்டர் திட்டமும் நடந்தது. தொண்டர் ஒருவர் தம் அண்டையில் உள்ள முதியவர் வீட்டுக்கு வாரம்தோறும் போய் வருவார். பேசுவார், சந்தைக்குப் போய் வருவார், மருத்துவரிடம் அழைத்துச் செல்வார். குழுவின் பொறுப்பில் முதியவர்களே இருப்பார்கள். இதை நம் அளவுக்குச் சுருக்கி, ஐந்து செயல்களாக முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒரு பதிவேடு. நம் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் எழுபது வயதைக் கடந்தவர்கள் யார், எந்த மாடியில் இருக்கிறார்கள், தனியே இருக்கிறார்களா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற நான்கு விவரங்கள் போதும். தீ, வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் முதலில் எந்தப் படியில் ஏற வேண்டும் என்பது அந்த ஏட்டைப் பார்த்தால் தெரிய வேண்டும்.

இரண்டாவது, இருவர் சேர்ந்த வருகைக் குழு. தனியாகப் போவதைவிட இருவராய்ப் போவது பாதுகாப்பும் மரியாதையும் ஆகும். ஒருவர் நடுவயதினர், மற்றவர் இளைஞர். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பராமரிக்கும் மருமகளோ மகளோ கடைக்குப் போய்வரலாம், அல்லது தூங்கலாம்.

மூன்றாவது, கோயிலைக் கீழே கொண்டுவருவது அல்லது பெரியவரைக் கோயிலுக்குக் கொண்டுவருவது. மாதம் ஒரு நாள் நான்கு இளைஞர்கள் ஒரு நாற்காலியோடு புறப்பட்டால், இரண்டு மூன்று பேரை இறக்கிவந்து தரிசனம் செய்வித்து மீண்டும் ஏற்றிவிடலாம். இறங்கவே முடியாதவர்க்குப் பிரசாதம் அன்றே வீடு சேரட்டும். கோயில் படியில் ஒரு கைப்பிடியும், மண்டபத்தில் சில நாற்காலிகளும் இருந்தால், தரையில் உட்கார முடியாது என்று வராமல் இருப்பவர்களும் வருவார்கள்.

நான்காவது, சித்திரைப் பிறப்பை ஒட்டி மூத்தோர் நாள். தலை அலசுதல், நகம் வெட்டுதல், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல், கண் பார்த்தல் ஆகியவை அன்று நடக்கட்டும். அக்கம்பக்கத்துப் பர்மிய, சீன மூத்தோரையும் அழைப்போம். மூத்தோர் பேசட்டும், பிள்ளைகள் அதை எழுதிக்கொள்ளட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தெருவில் வாழ்ந்தோம் என்பது வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஐந்தாவது, இறுதிக் கடமைக்கான நிதி. தனியே வாழும் முதியவரைக் கேட்டால், சாவைவிட அவர் அஞ்சுவது, "என்னை எடுத்துப்போட யார் இருக்கிறார்?" என்பதையே என்பார். யாங்கூனில் 2001-ல் தொடங்கிய இலவச இறுதிச் சடங்குச் சங்கம் ஏழைகளின் இந்தத் துயரைத் துடைக்கப் பிறந்தது. நம் முறைப்படி, நம் மொழியில் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று அந்தப் பெரியவருக்கு உயிரோடு இருக்கும்போதே வாக்குக் கொடுத்துவிட்டால், அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

மூத்தோர் நம்மிடம் பெறுவதற்கு மட்டும் இருப்பவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோலம் போடத் தெரிந்த பாட்டி, கணக்கு எழுதத் தெரிந்த தாத்தா, தேவாரம் பாடத் தெரிந்தவர், எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வேலை இருக்கிறது. கேட்டால் செய்வார்கள், செய்தால் நாட்களும் நலமும் கூடும்.

9. சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. நம் வீட்டுப் பெரியவர் கடைசியாக எப்போது வீட்டை விட்டு வெளியே வந்தார்? அவர் போக விரும்பும் இடம் எது என்று கேட்டிருக்கிறோமா?

2. நம் வீட்டில் பணிவிடை செய்பவர் யார்? அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது?

3. பெரியவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் நேரமும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

4. நம் கட்டடத்தில் தனியே வாழும் முதியவர் இருக்கிறாரா? அவர் எந்த இனத்தவராயினும், அவர் கதவை இந்த வாரம் தட்டினோமா?

5. மேலே சொன்ன ஐந்து செயல்களில் நம் குடும்பம் எதில் பங்குகொள்ளும்?

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க முடியாது. பதிவேட்டில் தொடங்குவோம். அடுத்த முறை கோயிலுக்கு வரும்போது, உங்கள் வீட்டு மூத்தோரின் பெயரையும் அவர் இருக்கும் மாடியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். மற்றவை அந்தத் தாளிலிருந்து வளரும்.